அசல் சாமான்

"கார்புரேட்டரை மாத்துங்க. மாத்தினாத்தான் காடியில ஏறுவேன்."

ஐந்து மாதத்தில் என் மகள் நீலாவதி என்னிடம் பேசியது இவ்வளவுதான். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சோற்றுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரிடம் சொன்னாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு என்றால் பாத்திரச் சத்தம்தான். தட்டு விழுந்தால் சாப்பாடு, கோப்பிக் குவளை விழுந்தால் பொழுது விடிந்தது. லைன் வீட்டில் நடுச்சுவர் பலகைதான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்களால் ஒரு தொந்தரவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பினாங்குக்குப் போகிறாள். ரேடியோவுக்குள் வைக்கிற சின்னச் சின்னச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே நாலு பெண்கள் போய்விட்டார்கள். கொழுந்து பறிக்கிற கை, நுணுக்கமாக வேலை செய்யும் என்று அங்கே விரும்பி எடுக்கிறார்களாம். மலைக்குக் கீழே தாப்பாவில் பஸ் ஏற வேண்டும். தாப்பா வரைக்கும் நானே என் காடியில், அந்தப் பழைய காரில், கொண்டுபோய் விடுகிறேன் என்று என் கூட்டாளி கருப்பையாவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகளுக்கு ஆள் வைத்துச் சேதி அனுப்புகிற அப்பன் இந்த மலையில் நான் ஒருத்தன்தான்.

அவள் என் காரில் ஏற வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஏறாமல் மலையிலிருந்து பஸ்ஸிலேயே இறங்கிப் போனாள் என்றால் திரும்பி வரமாட்டாள். அவள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

என் பெயர் முருகையா. தேயிலை பேக்டரியில் பிட்டர். கொழுந்தை உருட்டுகிற மெசின், காய வைக்கிற டிரையர், காற்றாடி எல்லாம் என் கையில் இருபத்திரண்டு வருடமாக ஓடுகின்றன. துரையின் ஜீப் நின்றுவிட்டால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் வாங்கி வைத்திருந்த காரைப் பற்றிக் கேளுங்கள். எழுபத்தொன்றாம் வருடத்துச் சின்ன ஜப்பான் கார், பச்சை நிறம். தோட்டத்துக் கணக்கெழுதுகிற பழைய கிராணி மாற்றலாகிப் போகும்போது அவரிடம் வாங்கினேன். கிராணி சுத்தமான மனிதர், அந்தக் காரில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. நானும் மாற்றக் கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். கார்புரேட்டர் உள்பட எல்லாம் ஜப்பானில் பொருத்தியது பொருத்தியபடி இருந்தது.

கார்புரேட்டர் தேய்ந்துபோய்த்தான் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. எக்ஸிலேட்டர் கம்பி பூட்டுகிற அச்சு ரெண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. குளிர் காலையில் கார் இருமும்.

"உங்க காடிக்கும் எனக்கும் ஒரே வியாதி," என்பாள் என் பெண்டாட்டி பாஞ்சாலை. அவளுக்கு இழுப்பு உண்டு. "எனக்குத்தான் வேற நெஞ்சு கிடைக்காது. அதுக்காவது மாத்தி விடுங்களேன்."

"அசல் சாமான்டி அது. கடையில விக்கிறதெல்லாம் தகரம். ஒரு மாசம் தாங்காது," என்பேன்.

"ஆமா, அசல் பிட்டரு," என்று போய்விடுவாள்.

நீலாவதியும் கேட்டாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. நான் அசையவில்லை.

போன ஆயுத பூசை முடிந்து ஒன்பதாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணி அடிக்கும் முன்பே பாஞ்சாலைக்கு இழுப்பு வந்தது. மழைக்காலத்தில் வரும், வெந்நீர் குடித்தால் போகும். அன்றைக்குப் போகவில்லை. உதடு நீலமாகிவிட்டது. தோட்டத்து டிரெஸர் ஓடி வந்து ஊசி போட்டுவிட்டு, "மேல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கண்ணே, நிக்காதீங்க," என்றார். முன்னால் பாஞ்சாலையை உட்கார வைத்தேன். பின்னால் நீலாவதி. ரிங்லெட் கடைத்தெரு வரைக்கும் கார் ஓடியது. ஏரியைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் மிதிக்க மிதிக்க இழுவை குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் உயிர் வருகிறது, மிதித்தால் அடங்கிவிடுகிறது. நாலு தடவை பார்த்தேன். நீலாவதி இறங்கி ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்று கை காட்டினாள். நல்ல பனி. கீழே இறங்கிய ரெண்டு லோரிகள் அவளைப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்து மேலே போகிற காய்கறி லோரி ஒன்று நின்றது. அதற்குள் பாஞ்சாலை போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தில் நீலாவதி தன் சித்தியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியாகவே. "பிட்டராம் பிட்டரு. பானெட்டைக்கூடத் தொறக்கல சித்தி. சும்மா உக்காந்திருந்தாரு."

உண்மைதான். உட்கார்ந்துதான் இருந்தேன். பாஞ்சாலை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் கதவைத் திறக்கப் போனபோது இன்னும் இறுக்கினாள். பேச மூச்சில்லை, தலையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினாள். பனியில் நின்று லோரிக்குக் கை காட்டியவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். தோட்டத்துச் சனம் மட்டும் விட்டதா? ஊருக்கெல்லாம் மெசின் பார்க்கிறவனுக்குச் சொந்தக் காரைப் பார்க்கத் தெரியவில்லை என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். சோறு உப்பாக இருந்ததா, சப்பென்று இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காரைக் கருப்பையா கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் விட்டான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்து மாதம் அந்த பானெட் மூடியே கிடந்தது.

கருப்பையா தோட்டத்து லோரி ஓட்டுகிறவன், என் கூட்டாளி. வியாழக்கிழமை ஈப்போவுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போனவன், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு திரும்பினான்.

"புதுசு கிடைக்கல லா. மாடல் நின்னு ரொம்ப நாளாச்சாம். பழைய காடி ஒடைக்கிற கடையில புடிச்சேன். நாடு பூரா தேடினாலும் இந்த மாதிரி கார்புரேட்டர் கிடைக்காதுன்னு கடைக்காரத் தவுக்கே சொன்னாரு."

"எல்லாச் சாமானுக்கும் அதைத்தான்டா சொல்வாரு."

"அசல் அசல்னு கட்டிக்கிட்டு அழுதியே. இதுவும் அசல்தான் லா. என்ன, வேற ஒரு காடியோட அசல்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. வாயை மட்டும் இழுத்து வைத்தேன். கருப்பையா என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சிகரெட்டைப் பற்றவைக்காமலேயே திரும்பப் பெட்டியில் செருகிக்கொண்டான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வந்ததும் கொட்டகைக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கை வேலையைக் கையால் செய்துதானே ஆக வேண்டும். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தேன். ஏர் கிளீனர் சட்டி கறுப்புத் தட்டு மாதிரி கார்புரேட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றிக் கீழே வைத்தேன். பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன், சோக் கம்பியை விடுவித்தேன், எக்ஸிலேட்டர் கம்பியைத் தட்டி எடுத்தேன். அடியில் நாலு நட்டு. மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன. நாலாவது துருப்பிடித்து, அரை மணி நேரம் உயிரை வாங்கியது. அதற்கு எண்ணெய் விட்டுத் திட்டித் திட்டிக் கழற்றினேன். பாஞ்சாலை இறந்ததிலிருந்து நான் யாரையாவது திட்டியது அன்றைக்குத்தான், அதுவும் ஒரு நட்டை.

கழற்றியாயிற்று. பழசைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசைப் பூட்டியிருக்கலாம். திறந்து பார்க்க ஒரு அவசியமும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம், கழற்றிய சாமானைத் திறந்து பார்க்காமல் என் கை போடாது. மேல்மூடியின் திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்று சும்மாவா சொன்னார்கள்.

உள்ளே பெட்ரோல் நிற்கிற கிண்ணம் ஒன்று உண்டு. அதன் அடியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. அந்தப் பிசினில் மணல் மாதிரி ஒரு வண்டல். மஞ்சளாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். இடையிடையே சிவப்பு. கிண்ணத்துக்கு அடியில் ஊசித் துளை போட்ட பித்தளைத் திருகு இருக்கும், ஜெட் என்போம். எஞ்சினுக்கு ஏற்றத்தில் பெட்ரோல் போகிற வழி அதுதான். அதைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளை தெரியவில்லை. அடைத்திருந்தது.

மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம்தான். பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காற்று இழுக்கிற வாயின் உள்விளிம்பில், கிண்ணத்துக்குக் காற்றுப் போகிற துளைக்கு மேலே, ஒரு தடம் இருந்தது. கட்டைவிரல் அகலம். காய்ந்த சந்தனம் அரைவட்டமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி அரைவட்டம் உதிர்ந்துபோயிருந்தது.

அங்கே பொட்டு வைத்தது நீலாவதி.

ஆயுத பூசை அன்று காரைக் கழுவி, ஏர் கிளீனர் சட்டியையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைத்திருந்தேன். ஸ்பேனர், சுத்தியல், பாஞ்சாலையின் அரிவாள்மணை, நீலாவதியின் கொழுந்துக்கூடை எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்தன. நீலாவதி சந்தனக் கிண்ணத்தோடு காரிடம் வந்தாள். அவளுக்கு அப்போது என்மேல் கோபமில்லாத காலம்.

"மனுசனுக்கு நெத்தி. காடிக்கு எதுப்பா நெத்தி?" என்று கேட்டாள்.

"எல்லாரும் பானெட்டு மேலதான் வைக்கிறாங்க," என்றாள் பாஞ்சாலை.

"அவங்க வைக்கிறது தகரத்துக்கு," என்றேன் நான். பிட்டர் திமிர். "இங்க பாரு. காடி மூச்சு விடுற இடம் இது. இதுல வை."

அவள் கட்டைவிரலில் சந்தனத்தைக் குழைவாக எடுத்து அழுத்தி வைத்தாள். அதன் மேல் குங்குமம். சாயங்காலம் சட்டியைத் திரும்பப் பூட்டும்போது நான் அதைப் பார்த்தேன். காய்ந்தால் உதிரும், உதிர்ந்தால் உள்ளே விழும். எனக்குத் தெரியாதா? துணியை எடுத்தேன். பாஞ்சாலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டை அழிக்காதீங்க. சுமங்கலி இருக்கிற வீட்டுல பூசை அன்னிக்கு யாராவது பொட்டை அழிப்பாங்களா? நாளைக்குத் தொடைச்சுக்கலாம்."

சரி, நாளைக்கு என்று மூடிவிட்டேன். மறுநாள் பேக்டரியில் டிரையர் பழுது. மறந்துபோனேன்.

காட்டியது நான். வைத்தது மகள். அழிக்க விடாதது பாஞ்சாலை. அவள் சுமங்கலியாகத்தான் போனாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. ஸ்பேனர்களை எடுத்துச் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினேன். நான் முன்பே புதுசு மாற்றியிருந்தாலும் அதற்கும் அவள் அங்கேதான் பொட்டு வைத்திருப்பாள், அதுவும் இப்படித்தான் நின்றிருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

இதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதும். அம்மா செத்தது அப்பா மாற்றாததால் இல்லை என்று ஆகிவிடும். இன்றைக்கே என்னோடு பேசுவாள். அதற்குப் பிறகு? பினாங்கில் தெரியாத பெண்களோடு ஒரு அறையில், ராத்திரியும் பகலும் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். இருபது வயதுதான் அவளுக்கு. இப்போது அவளிடம் இருப்பது கோபம் மட்டும். என்மேல் இருக்கிறவரைக்கும் அது அவளை ஒன்றும் செய்யாது.

காலடிச் சத்தம் கேட்டது. நீலாவதி கோப்பியோடு வந்தாள். கார்புரேட்டர் மேல் துணியைப் போட்டேன்.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். இது ரெண்டாவது பேச்சு.

"அழுக்கு."

"காட்டுங்க."

"கையெல்லாம் பெட்ரோலாயிடும்மா. கழுவி வைக்கிறேன். நாளைக்குப் பாரு."

கோப்பியைத் தரையில் வைத்தாள். துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்குக் கண்டிப்பா பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்ரோலை ஒரு டின்னில் ஊற்றிக் கழுவினேன். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தி ஊதினேன். உள்விளிம்பில் இருந்த அரைவட்டத்தைத் துடைக்கும்போது மட்டும் கை நின்றது. பொட்டை அழிக்காதீங்க என்று காதில் விழுந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். பிறகு அட்டையில் கேஸ்கெட் வெட்டி, ஈப்போவிலிருந்து வந்ததைப் பூட்டினேன். புது பேட்டரி கருப்பையா கொடுத்தான். மூன்றாவது திருப்பலில் எஞ்சின் பிடித்தது. இருமவே இல்லை.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு வந்தாள். இன்னொரு கையில் சந்தனக் கிண்ணம்.

"புதுசு பூட்டியிருக்கு. பொட்டு வைக்காம எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. சட்டியைக் கழட்டுங்க."

"உள்ள வேணாம்மா. சூட்டுல காஞ்சு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "காஞ்சு?"

"எஞ்சினை ஓட்டி வச்சிருக்கேன். சூட்டுல கை காஞ்சிடும். சுட்டுடும்."

"அன்னிக்கு உள்ளதானே வச்சேன்?"

"அன்னிக்கு ஆறிக் கிடந்துச்சு. இன்னிக்கு மேல வைம்மா. பஸ்ஸுக்கு நேரமாகுது."

பெட்டியைத் தரையில் வைத்தாள். பிறகு பானெட்டை மூடி அதன் மேல் வைத்தாள். நான் மூச்சு விட்டேன். அவள் முன் இருக்கையில், அம்மா உட்கார்ந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். கழுவி வைத்திருந்த பழைய கார்புரேட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல மேல போங்க," என்றாள்.

"தாப்பா கீழயில்ல இருக்கு?"

"தெரியும். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு அப்புறம் எறங்குவோம்."

காரை மேட்டுப் பக்கம் திருப்பினேன். ரிங்லெட் கடைத்தெரு தாண்டியது. ஏரியில் தண்ணீர் சேற்று நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஏற்றம் வந்தது. ஒரு வளைவு, ரெண்டு வளைவு. மூன்றாவதுக்கு முன்னால் அவள் மடியிலிருந்ததை இறுக்கிப் பிடித்தாள். நான் மிதித்தேன். கார் ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை. அந்தப் பள்ளத்து ஓரம், அந்த மைல்கல், அவள் கை காட்டி நின்ற இடம் எல்லாம் கண்ணாடியில் பின்னால் போயின. பதினைந்து நிமிடத்தில் தானா ராத்தா டவுன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன்.

"இவ்வளவுதானா?" என்றாள் நீலாவதி. "இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு?"

அழுதாள். ஐந்து மாதத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். யோசிக்கிறதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல என்ன கோளாறு? காட்டுங்க."

அச்சைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். "பாரு. தேஞ்சு ஆடுது. காத்து சந்து வழியா போயிடும். ஏத்தத்துல இழுக்காது."

பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவளும் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"இதை அப்பவே மாத்தியிருந்தா அம்மா இருந்திருப்பாங்க."

"ஆமாம்மா."

"ரெண்டு வருசமா சொன்னோம்."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

திரும்பி இறங்கும்போது ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய்க் கார்புரேட்டரைத் தண்ணீரில் வீசினாள். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. அசல் சாமான் போகிறதே என்று என் பிட்டர் புத்தி ஒரு கணம் துடித்தது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இருந்தது.

தாப்பா வரைக்கும் இறக்கம். ஊர் நெருங்க நெருங்க வெக்கை ஏறியது. அவள் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பஸ் நிலையத்தில் பெட்டியை நான் தூக்கினேன். கொடுத்தாள், தடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா."

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாள். கிட்டே போனேன்.

"எனக்குக் கோவம் போகல. போகுமான்னும் தெரியல."

"பரவால்லம்மா. இருக்கட்டும்."

"ஆயுத பூசைக்கு லீவு குடுப்பாங்களாம். வர்றேன். அது வரைக்கும் காடிக்கு வேற யாரும் பொட்டு வைக்கக் கூடாது. நான்தான் வைப்பேன். நீங்க அன்னிக்குக் காட்டுனீங்களே, மூச்சு விடுற எடம், அதுலதான் வைப்பேன். அம்மாவும் பார்த்தாங்கள்ல."

"வாம்மா," என்றேன். "நீதான் வைக்கணும்."

பஸ் போனது. நான் மலையேறினேன். கார் ஒழுங்காக வந்தது.

கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையாக பானெட்டைத் திறந்தேன். ஏர் கிளீனர் மூடிக்கு ரெக்கை வைத்த நட்டு ஒன்றுதான், யாரும் கையாலேயே கழற்றிவிடலாம். அதை எடுத்துப் போட்டேன். பேக்டரி நட்டு ஒன்றைத் தேடி எடுத்து, ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். அதற்கு மேல் இன்னொரு நட்டு. இனி நீலாவதி வந்து என்ன முயன்றாலும் கழலாது. மூடி நல்ல அகலம், கறுப்பு, ஒரு பொட்டு வைக்கத் தாராளமான இடம். புது மாடல்ல இதான்மா மூச்சு விடுற எடம் என்று சொல்லிக்கொள்ளலாம். நம்புவாள். நான் சொன்னால் எஞ்சின் விசயத்தில் இன்னும் நம்புகிறாள்.

துணியை எடுத்து அந்த மூடியைத் துடைத்தேன். அழுக்கில்லை. இருந்தாலும் துடைத்தேன். எவ்வளவு நேரம் துடைத்தேன் என்று தெரியவில்லை, கருப்பையா வந்து பின்னால் நின்றதும் தெரியவில்லை.

"புள்ள ஏறிட்டாளா லா?"

இன்னும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போதும் முருகையா. விடு," என்று சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்தான். கொஞ்சம் இறுக்கியே பிடித்தான். பாஞ்சாலை பிடித்த அதே இடம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.